ஐம்பதுக்கு ஐம்பது பன்னீர்

ராம்பிரசாத்துக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்று அறுபத்தெட்டு என்று வந்த மறுநாளே வீட்டில் இட்லி நின்றுபோயிற்று. அவர் மனைவி ராஜஸ்ரீ கேம்ப் பகுதியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். காலை ஆறேகாலுக்கே கிளம்பிவிடுவாள். அன்று கிளம்பும் முன் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். அரை லிட்டர் பால், அரை மூடி எலுமிச்சை, நாலு துண்டு பப்பாளி, ஒரு பிடி மாதுளை என்று அதில் எழுதியிருந்தது.

“பாலைத் திரிச்சு, வடிச்சு, உதுத்துப் போட்டு, மேல பழத்தைப் போட்டுச் சாப்புட்டுட்டுக் கிளம்புங்க. அஞ்சே நிமிசந்தானுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ராம்பிரசாத் போசரியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் குவாலிட்டி இன்சார்ஜ். கோயம்புத்தூரிலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. யாராவது ஐந்து நிமிடம் என்று சொன்னால் செல்போனில் நேரம் வைத்துப் பார்க்கிறவர். பார்த்தார். பால் பொங்க ஆறு நிமிடம் ஆயிற்று, திரிய இரண்டு. வடிகட்டிய பிறகும் துணிமூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. உதிர்த்துப் பார்த்தார். உதிராமல் விரலோடு குழைந்து வந்தது. மூட்டையின் மேல் குக்கரை ஏற்றி வைத்தார். குக்கர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சிங்க்கில் விழுந்தது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, மூட்டையை ஒரு டப்பாவிலும் பழத்தை இன்னொரு டப்பாவிலும் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

ஏழு மணிக்கு ஒர்க்‌ஷாப்பில் கலியன் மட்டும்தான் வந்திருந்தார். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். கைப்பிடியை இறக்கிக் கட்டைகளை அழுத்தி எடுக்கிற அதே பிரஸ்ஸில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவர்.

“இன்னா சார், டப்பால தண்ணி ஒழுவுது?”

“பன்னீருங்க கலியன். தண்ணி எறங்க மாட்டேங்குது.”

கலியன் மூட்டையை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். “வெயிட்டு பத்தல சார். நம்ம பிரஸ்ல வெச்சா நாலு நிமிசம். அந்தப் புது அச்சு இருக்குதே, இன்னும் கவர் கூடப் பிரிக்கல.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ராம்பிரசாத்துக்குப் பசி. புத்தம் புது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அச்சைக் கவரைப் பிரித்து எடுத்து, கொதிக்கும் தண்ணீரில் மூன்று முறை கழுவி, அதற்குள் மூட்டையை மடித்து வைத்தார்கள். கலியன் கைப்பிடியை மெல்ல மெல்ல இறக்கினார்.

அந்த அச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊரான தளேகாவில் ஒரு பெரிய கம்பெனிக்கு அவர்கள் செய்துகொடுக்க வேண்டிய வெள்ளை நைலான் கட்டைக்காக வந்தது அது. மோட்டாருக்கும் அதன் தாங்கிக்கும் நடுவில் உட்கார்ந்து அதிர்வை வாங்கிக்கொள்கிற கட்டை. நீளமும் அகலமும் ஐம்பது மில்லிமீட்டர், தடிமன் நாற்பது. பழைய அச்சில் செய்து மூன்று முறை சாம்பிள் கொடுத்தார்கள், மூன்றும் தள்ளுபடி. முதல் தடவை ஒரு மூலை மயிரிழை உயர்ந்திருந்தது. அடுத்த தடவை பக்கத்தில் லேசாக அலை. மூன்றாவது தடவை காரணம் கூடச் சொல்லவில்லை. மூன்றையும் தள்ளியவர் ஒரே ஆள், அந்தக் கம்பெனியின் ஆடிட்டர் கிரேக்.

நாலு நிமிடம் கழித்துத் துணியைப் பிரித்தபோது ராம்பிரசாத் கையை நீட்டியபடியே நின்றுவிட்டார். வெள்ளை வெளேரென்று ஒரு கட்டை. ஓரங்கள் கத்தி மாதிரி. நாலு மூலையும் மூலையாகவே இருந்தன. சாப்பிட எடுத்தவர், பட்டர் பேப்பரை விரித்துக் கிரானைட் பலகையின் மேல் அதை வைத்து, பழக்க தோஷத்தில் அளந்தார். நீளம் ஐம்பது. அகலம் ஐம்பது. தடிமன் நாற்பது. புள்ளிக்குப் பிறகு வெறும் பூஜ்யம்தான். பதினோரு வருடத்தில் அந்த இடத்தில் அப்படி ஒரு அளவு வந்ததில்லை.

“கலியன், இங்க வந்து பாருங்க” என்றார்.

கலியன் வருவதற்குள் ஷட்டர் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. ஒர்க்‌ஷாப்பின் முதலாளி பார்கவி முன்னால் வந்தாள். அப்பா இறந்த பிறகு சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து இதை நடத்துகிறவள். பின்னால் கையில் ஃபைலோடு கிரேக்.

“ஆடிட் நாளைக்குத்தானுங்களே சார்?” என்றார் ராம்பிரசாத்.

“நாளைக்குன்னு சொன்னா நாளைக்கு ரெடி பண்ணி வெப்பீங்க. அதான் ஆஜ், இன்னைக்கே வந்துட்டேன்” என்றார் கிரேக். கேம்ப்பிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ்தான், ஆனால் வாசலைத் தாண்டினால் எல்லா மொழியும் சேர்ந்துகொள்ளும். அவர் கண் நேராகக் கிரானைட் பலகைக்குப் போனது. “நாலாவது சாம்பிளா?”

“இல்லீங்க, அது வந்து…”

“ஆமா சார்!” என்றாள் பார்கவி. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

கிரேக் கையுறை போட்டுக்கொண்டு மைக்ரோமீட்டரை எடுத்தார். ஒரு முறை அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். கட்டையைத் திருப்பி வைத்து இன்னும் நாலு இடத்தில் அளந்தார். அதற்குள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். யாரும் மெஷினை ஓட்டவில்லை.

“ராம், மெட்டீரியல் க்யா ஹை?”

“பன்னீருங்க சார்.”

கிரேக் எழுதிக்கொண்டார். வாழைப்பழ பிளக், பட்டாம்பூச்சி நட்டு என்றெல்லாம் பேர் வைக்கிற தொழிலில் முப்பது வருடம் இருந்தவர் அவர். ஒர்க்‌ஷாப்புக்குள் காதில் விழுகிற எந்தச் சொல்லும் அவருக்குச் சரக்கின் பெயர்தான்.

“எதுலேர்ந்து எடுக்கறாங்க?”

“பால்லருந்துங்க.”

“அச்சா, பயோ. எங்க ஹெட் ஆபீஸ்ல இப்போ அதான் கேக்குறாங்க. கிரேடு?”

“ஃபுல் கிரீமுங்க. அரை லிட்டரு.”

எஃப்.சி. ஐந்நூறு என்று சுருக்கி எழுதினார். பிறகு கட்டையின் மேல்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “இந்த டெக்ஸ்சர் எப்படி வந்துச்சு?”

“வேட்டித் துணிங்க. பழசு, துவைச்சுக் கிழிச்சது.”

“டெக்ஸ்டைல் ஃபினிஷ். பஹுத் அச்சா.” கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். கட்டை உள்வாங்கி, மெல்ல மேலே வந்தது. “அதிர்வு தாங்கும்” என்று அதையும் எழுதினார்.

பார்கவி குனிந்து மோந்து பார்த்துவிட்டு ராம்பிரசாத்தை ஒரு தூண் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“ஏன் பால் வாசனை வருது?”

“அது என்ர டிபனுங்க மேடம்.”

பார்கவி கிரேக்கைத் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவையும் தள்ளினால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடும். ஆனால் பன்னீரை விற்று ஆர்டர் வாங்கவும் அவளுக்கு மனசு வரவில்லை.

“உடனே உண்மையைச் சொல்லிடுங்க.”

“வந்ததுலருந்து அதைத்தானுங்க சொல்லிட்டிருக்கேன்.”

கிரேக் ஹாட் பிளேட்டைப் போடச் சொன்னார். நூற்றிருபது டிகிரி, பத்து நிமிடம். முந்தின நைலான் சாம்பிள்களில் மூலை உயர்ந்ததும் அலை விழுந்ததும் இந்தச் சூட்டில்தான். பன்னீர் உருகவில்லை. அடிப்பக்கம் மெல்லப் பொன்னிறமாயிற்று. ஒர்க்‌ஷாப் முழுக்க ஒரு வாசனை கிளம்பியது. லேத் பக்கம் நின்றவர்கள் எச்சில் விழுங்கினார்கள். கலியனால் பொறுக்க முடியவில்லை.

“சார், திருப்பிப் போடுங்க. அடி புடிச்சிரும்.”

“சரியா சொன்னான். ரெண்டு சைடும் ஒரே சூடு படணும்” என்று கிரேக்கே திருப்பிப் போட்டார். ஆறவைத்து அளந்தபோது ஒரு மயிரிழைதான் குறைந்திருந்தது. “நிறம் மாறியது, அளவு சரி” என்று எழுதினார்.

அப்போது ராம்பிரசாத்தின் செல்போன் அடித்தது. ராஜஸ்ரீ.

“யாரு?” என்றார் கிரேக்.

“இதைப் பண்ணச் சொன்னவங்க சார். என்ர சம்சாரம்.”

“பிராசஸ் அவங்களோடதா? ஸ்பீக்கர்ல போடு.”

ராஜஸ்ரீக்குப் பிரேயர் முடிந்து முதல் பீரியட் தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது. கிரேக்கின் கனத்த குரலைக் கேட்டதும் கணவர் டாக்டரிடம் போயிருப்பதாகவே நினைத்துக்கொண்டாள்.

“மேடம், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருமா, மாறுமா?”

“எலுமிச்சம்பழத்தைப் பொறுத்து மாறுமுங்க. புளிப்புக் கம்மியா இருந்தா திரியாது.”

“எலுமிச்சை” என்று எழுதிய கிரேக்கின் பேனா கொஞ்சம் தயங்கியது. “டெம்ப்பரேச்சர்?”

“பொங்கினதும் அடுப்பை அணைச்சு ஒரு நிமிசம் விட்டுப் பிழியணுமுங்க. அப்பறம் உதுத்துப் போட்டு, பப்பாளி, மாதுளை, கொஞ்சம் மிளகுத்தூள். உப்பு வேண்டாமுங்க, இவருக்கு பிரஷரும் இருக்குது. டாக்டர், இவரு சாப்புட்டுட்டாருங்களா?”

அங்கே பெல் அடித்தது, போன் நின்றுவிட்டது.

கிரேக் கையுறையைக் கழற்றி, விரலை மோந்தார். ஹாட் பிளேட்டைப் பார்த்தார். “ராம். இது கானேவாலா, சாப்பிடற பன்னீரா?”

“ஆமாங்க சார்.”

ராம்பிரசாத் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில், அளவு சரியாக வந்ததே என்கிற சந்தோஷம் அடங்காமல் கிடந்தது. அதை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

கிரேக் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஃபைலை மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.

“முப்பது வருஷம் ஆச்சு. காலைல சாய் கூடக் குடிக்காம கிளம்பி இந்த ஊர்ல எல்லா ஒர்க்‌ஷாப்பும் பாத்துட்டேன். மூணு பக்கமும் பூஜ்யம் ஒருத்தனும் காட்டல. வீட்ல எல்லாரும் என்னை, உனக்கு எதுவுமே புடிக்காதும்பாங்க. புடிக்காம இல்ல. சரியா இருக்கறதை யாரும் காட்டல, அவ்ளோதான்.” பேனாவைத் திறந்தார். “பன்னீர்னு தெரிஞ்சதால அளவு மாறிடுமா? பாஸ்.”

“சார், இதை மோட்டார்ல வெக்க முடியாது சார்!” என்றாள் பார்கவி.

“அது டிசைன்காரன் தலைவலி. நான் அளவு பாக்குறவன்.” கையெழுத்துப் போட்டார். பிறகு அலமாரியிலிருந்த நைலான் கட்டை ஒன்றை எடுத்து அளந்து, உதட்டைப் பிதுக்கி, “இது ஃபெயில்” என்று அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

விதிப்படி பாஸான சாம்பிளை சீல் வைத்துப் பத்து வருடம் பத்திரப்படுத்த வேண்டும். கிரேக் சீல் அரக்கை எடுத்தபோது ராம்பிரசாத்தின் கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் குப்பென்று வியர்த்தது.

“மன்னிச்சுக்கோங்க சார். மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரமாச்சு. இதுக்கு மேல தாங்காதுங்க” என்று சொல்லிக்கொண்டே கட்டையை எடுத்துப் பழ டப்பாவுக்குள் உதிர்த்தார். இப்போது அழகாக உதிர்ந்தது. பொரிந்த ஓரமும் வெள்ளை உள்ளும் பப்பாளியோடு கலந்தன. கலியன் எங்கிருந்தோ ஒரு ஸ்பூன் கொண்டுவந்தார்.

கிரேக் அரக்கைக் கீழே வைத்துவிட்டு, அவர் மென்று விழுங்குவதைப் பார்த்தபடி, “உடைத்துச் சோதிக்கப்பட்டது” என்று எழுதினார். பிறகு தன் பையைத் துழாவி இரண்டு அத்திப்பழங்களை எடுத்துப் பிய்த்து டப்பாவில் போட்டார்.

“எனக்கும் ஒரு ஸ்பூன் குடு, ராம்.”

நைலான் கட்டை ஆறாவது முயற்சியில், தீபாவளிக்கு முந்தின வாரம் தேறியது. புது அச்சில்தான் செய்தார்கள். கிரேக் பெருமூச்சோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆர்டரும் வந்தது. வேலையாட்கள் இருபத்திரண்டு பேருக்கும் பார்கவி ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தாள், ராம்பிரசாத்துக்கு மட்டும் பாதாம்.

எல்லாம் முடிந்தது என்றிருந்தபோது தளேகாவிலிருந்து பார்கவிக்கு ஒரு மெயில் வந்தது. எஃப்.சி. ஐந்நூறு எத்தனை நாள் தாங்கும் என்று டிசைன் பிரிவு கேட்டிருந்தது. பார்கவி யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல விருப்பமில்லை. ‘ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள்’ என்று பதில் அனுப்பினாள்.

மறுநாளே பதில் வந்துவிட்டது. தகவலுக்கு நன்றி என்றும், மோட்டாருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஃபிரிட்ஜ் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தார்கள்.