கடைசி வீட்டுக்கு வரும் கரண்ட்

ஐஸ் பெட்டி மறுபடியும் நின்றுபோனது.

சுப்பிரமணி குனிந்து பெட்டியின் அடிப்பக்கம் காதை வைத்துக் கேட்டார். உள்ளே இருந்த மோட்டார் சுற்ற முடியாமல் முனகியது. கொஞ்ச நேரத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. கண்ணாடி மூடிக்குக் கீழே காந்திமதி அரக்குச் சேலையில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு படுத்திருந்தாள்.

“இதுவும் பூட்ச்சா?” என்றார் நரசிம்மன். அவர் காந்திமதிக்கு அண்ணன்.

இது இரண்டாவது பெட்டி. காலையில் வந்த முதல் பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, மத்தியானத்துக்கு மேல் நின்றது. பழுது என்று நினைத்து, சுங்குவார்சத்திரத்துக்குப் போன் போட்டு வேறொன்றை வரவழைத்தார்கள். திருப்பி அனுப்பிய பெட்டியைக் கடையில் மாட்டிப் பார்த்தால் அங்கே அது ஜம்மென்று ஓடுகிறதாம். இங்கே புதிதாக வந்த பெட்டியும் இப்போது படுத்துவிட்டது. இரண்டு பெட்டி, ஒரே வீடு, ஒரே நோய். சுப்பிரமணிக்குப் புரியவில்லை.

பெட்டிக்காரர் பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்தார். “பொட்டி மேல தப்பு இல்லண்ணா. வோல்டேஜே இல்ல. கம்ப்ரஸர் எப்படி எடுக்கும்?”

“லைட்டு எரியுதேப்பா.”

“லைட்டு மங்கலா எரிஞ்சிக்கினு கெடக்கும்ணா. ஃபேனும் மெதுவா சுத்தும். கம்ப்ரஸர் அப்படி இல்ல. கெளம்பறப்போ அதுக்குப் பலம் வோணும்.”

சுப்பிரமணி இருபது வருஷமாகக் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். ஆள் நிறைந்த வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு நாலாவது கியரில் கிளப்பினால் என்ன ஆகும்? இன்ஜின் உதறும், அணைந்துபோகும். அதேதான் இது. கிளம்ப முடியாத மோட்டார் சூடாகிறது. அது எரிந்துவிடாமல் இருக்க உள்ளே ஒரு சின்ன சுவிட்சு ‘டக்’ என்று அறுத்துவிடுகிறது. ஆறியதும் மோட்டார் மறுபடி முயல்கிறது. அதுவரைக்கும் அவருக்கு விளங்கிவிட்டது. காலை முழுக்க இருந்த வோல்டேஜ் இப்போது எங்கே போனது என்பதுதான் விளங்கவில்லை. கரண்ட் கட் எல்லாம் ஓய்ந்துபோன வருஷம் அது. ஈ.பி. ஆபீசில் கேட்டால் எங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள்.

“ஜெனரேட்டர் கொண்டாயேம்பா.”

“முகூர்த்த நாளுண்ணா. எல்லாம் மண்டபத்துல கீது.”

நரசிம்மன் தங்கை புருஷனின் தோளில் கைவைத்துப் பந்தலுக்கு அழைத்துவந்தார். “மாப்ள, நான் சொல்றேன்னு கோச்சிக்காத. பொட்டி ஓடலன்னா வெச்சிக்கினு இன்னா பண்றது? வெயிலு வேற இந்தப் போடு போடுது. இருட்டறதுக்குள்ள எடுத்துடலாம். புள்ளைக்குப் போட்டோ புட்ச்சி அனுப்பு.”

“அவன் நாளைக்கு வந்துடுவான் மச்சான்.”

“அந்தமான்லேர்ந்து வரணும்யா. சைதாப்பேட்டைலேர்ந்தா வரான்?”

“காத்தால பிளைட்டு. பகலுக்குள்ள வந்துடுவான்.”

“சரி. பொட்டி ஓடுனா வெச்சிக்கலாம். ஓடலன்னா என் பேச்சக் கேளு.”

காலையில் மகன் செந்தமிழன் போனில் அழவில்லை. “அம்மா மூஞ்சியப் பாத்துடலாம் இல்லப்பா?” என்று மட்டும் கேட்டான். “பாத்துடலாண்டா, வா” என்று சுப்பிரமணி சொல்லியிருந்தார்.

உள்ளே பெட்டி தானாகவே உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. யாரோ, “ஓடுது, ஓடுது” என்றார்கள். சுப்பிரமணி அப்படியே பந்தல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

செந்தமிழன் நேவியில் சேர்ந்தபோது அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: சுத்தி இத்தனை கம்பெனி இருக்க, கடலுக்கு ஏன் அனுப்பறீங்க? காந்திமதி, “அவனுக்குத் தண்ணி புடிக்குது, போறான்” என்பாள். சில்காவில் முதல் பயிற்சி, பிறகு கொச்சியில். ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கி, கடலில் தத்தளிக்கிறவரைத் தூக்கிவரும் வேலை. அதற்கு நீச்சல் மட்டும் போதாது என்று அவன் லீவில் வந்தபோதுதான் இவர்களுக்குத் தெரிந்தது.

“முழுகறவன் நம்மளத் தேடிதாம்மா வருவான். கழுத்தக் கட்டிக்குவான். ரெண்டு பேரும் சேந்து போக வேண்டியதுதான்.”

“அப்போ இன்னாடா பண்ணுவ?”

“மேல வரப் பாக்கக் கூடாது. தண்ணிக்குள்ள இறங்கணும். அவனுக்கு மேல வரணும்னுதான் இருக்கும். நாம கீழ போனா தானா வுட்டுடுவான். அப்புறம் பின்பக்கமாப் போயி கக்கத்துல கை குட்த்து இழுக்கணும்.”

பழகிப்பார்க்க ஆள் வேண்டும். காந்திமதிக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது, அதனால் அவள்தான் சரியான ஆள். பிள்ளைப்பாக்கம் ஏரியில் அவள் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைச் சுப்பிரமணி கரையில் பிடித்துக்கொண்டார். மாடு கழுவ வந்தவர்களெல்லாம் மாட்டை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் கைகால்களை உதறி, தண்ணீர் குடித்து, நிஜமாகவே அலறினாள். செந்தமிழன் கிட்டே வந்ததும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் பாடப்படி தண்ணீருக்குள் இறங்கினான். அவள் விடவில்லை. அவனோடு அவளும் இறங்கிவிட்டாள். கயிற்றை இழுத்து இரண்டு பேரையும் கரையேற்றியது சுப்பிரமணிதான்.

“எல்லாரும் வுட்டுடுவாங்கம்மா. நீ ஏன் வுடல?” என்று இருமிக்கொண்டே கேட்டான்.

“நீ பாட்டுக்கு உள்ள போற, எப்பட்றா வுடுவேன்?”

“கொச்சில போயி சொன்னா என்னை டிஸ்மிஸ் பண்ணுவாங்க” என்றான். மூன்று பேரும் ஈரத்தோடு வீடு வரும்வரை சிரித்தார்கள். அந்த லீவு முழுக்க அவள் தினமும் ஏரியில் மூழ்கினாள்.

முதல் போஸ்டிங் போர்ட் பிளேயர். நேற்று மாலைதான் போனில் சொன்னான், படகு கவிழ்ந்து மிதந்த ஒரு மீனவரை முதன்முதலாகத் தூக்கியிருக்கிறான். “கழுத்தக் கட்டிக்கினானாடா?” என்று கேட்டாள். “கட்டிக்கினான். நான் கீழ போனேன், வுட்டுட்டான்.” அவள் போனை வைத்துவிட்டுத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தாள். ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். விடியற்காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றிருக்கும் என்றார் டாக்டர். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அந்த முகத்தைத்தான் பையன் பார்க்க வேண்டும்.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. சுப்பிரமணி ஓட்டும் வேன்தான். இன்று மாற்று டிரைவர் எடுத்து வருகிறார். பையன்கள் இறங்கினார்கள். எல்லாம் தெற்கத்திப் பையன்கள்; தெருவில் வரிசையாக நிற்கும் மாடிக் கட்டடங்களில் ரூமுக்கு ஆறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். பந்தலைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, கம்பெனி ஷூக்களைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தலையைக் குனிந்தபடி தங்கள் தங்கள் ரூமுக்குப் போனார்கள்.

சிறிது நேரத்தில் பந்தல் டியூப்லைட் துடித்தது. உள்ளே ‘டக்’ என்றது.

“நான் சொல்லல?” என்று நரசிம்மன் எழுந்தார். “ஆளுங்கள வரச் சொல்றேன் மாப்ள.”

“இரு மச்சான்.”

சுப்பிரமணி அசையாமல் உட்கார்ந்து கேட்டார். தலைக்கு மேலே எங்கோ தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம். அடுத்த கட்டடத்திலும் கொட்டியது. எதிர்க் கட்டடத்திலும். மத்தியானம் பெட்டி நின்றது காலை ஷிஃப்ட் திரும்பிய பிறகு. சாயங்காலம் நின்றது ஜெனரல் ஷிஃப்ட் பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போன பிறகு. இப்போது தன் வேன். இத்தனை வருஷமாக இந்தப் பையன்களை ஏற்றி இறக்கிய மனிதருக்கு, இறங்கியதும் அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாதா? நேரே குளிப்பார்கள். குளித்தால் தொட்டி காலியாகும். தொட்டி காலியானால் போர் மோட்டார் போடுவார்கள், ஒவ்வொரு கட்டடத்திலும்.

டிரான்ஸ்ஃபார்மர் தெருவின் அந்த முனையில் இருக்கிறது. இவர் வீடு இந்த முனையில், கடைசி. வழியில் இருக்கும் மோட்டார்கள் எல்லாம் ஒரே லைனில் உறிஞ்சிக்கொண்டு மிச்சம் வைப்பதுதான் கடைசி வீட்டுக்கு வரும் கரண்ட். காலையில் பெட்டி வந்தபோது இரவு ஷிஃப்ட்காரர்கள் குளித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் டூட்டியில் இருந்தார்கள். பெட்டி ஓடியது.

அவர் வேகமாக எதிர்க் கட்டடத்துக்குப் போனார். வேனில் வந்திறங்கிய பையன்களில் ஒருவனான வானமாமலை துண்டோடு படியில் உட்கார்ந்திருந்தான். நாங்குநேரிக்காரன். இவரைக் கண்டதும் பதறி எழுந்தான்.

“என்ன அண்ணாச்சி, நீங்க ஏன் வந்திய? கூப்புட்டா நான் வரமாட்டனா?”

“மோட்டார் ஓடுதா?”

“ஆமா. தண்ணி இல்ல, இப்பத்தான் போட்டோம்.”

“நிறுத்துப்பா. நீங்க மோட்டார் போட்டா அங்க பொட்டி எடுக்க மாட்டேங்குது. பையன் நாளைக்குப் பகல்லதான் வரான்.”

வானமாமலை உள்ளே போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தான். “நீங்க மதினி பக்கத்துல போயி இருங்க அண்ணாச்சி. மத்த கட்டடத்துக்கெல்லாம் நான் சொல்லுதேன்.”

“தண்ணிக்கு இன்னா பண்ணுவீங்க? காத்தால ஷிஃப்ட் இருக்குதே.”

“ஒரு நா குளிக்கலன்னா கம்பெனிக்காரன் உள்ள வுடமாட்டானாக்கும்? அடிபம்பு இருக்குல்லா, அடிச்சுக்கிடுதோம். போங்க நீங்க.”

ஒவ்வொரு மாடியிலும் தண்ணீர் கொட்டும் சத்தம் நின்றுகொண்டே வந்தது. சுப்பிரமணி வீட்டு வாசலை அடைந்தபோது டியூப்லைட் வெளுத்து எரிந்தது. உள்ளே பெட்டி ஒரு தடவை முனகியது. பிறகு பிடித்துக்கொண்டு ஓடியது. நரசிம்மன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்துத் தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

விடிந்தபோது தெரு அடிபம்பில் யூனிஃபார்ம் பேண்டோடு பையன்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவன் அடிக்க, ஒருவன் பிடித்தான். இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர்களும் பக்கெட்டோடு அதே வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். செந்தமிழன் மீனம்பாக்கத்தில் இறங்கி, டாக்ஸி பிடித்து, பகலுக்கு முன் வீடு வந்து சேரும்வரை அந்தத் தெருவில் யாரும் மோட்டார் போடவில்லை. பெட்டி நிற்காமல் ஓடியது.