சுவரில் ஒட்டிய அப்பா

என் அக்கா மகன் சினிமாப் படிப்பில் சேர்ந்த வாரமே தாடி வளர்க்க ஆரம்பித்தான். அது முகத்தோடு நிற்கவில்லை, பேச்சிலும் முளைத்தது. டீயில் சர்க்கரை குறைந்தால்கூட "வாழ்க்கையின் வெறுமை" என்பான்.

அவனுடைய முதல் குறும்படத்தின் கதை இதுதான்: கணவனைப் பறிகொடுத்தவள், அவன் எதிரில் இருப்பதாகவே நினைத்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். நடிக்க யாரும் சிக்கவில்லை. பெற்ற தாயையே பிடித்து உட்காரவைத்தான். அத்தான் போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"வேணாம்டா. அவளை ஏன் கிளறுற?" என்றேன்.

"நிஜத்துலேர்ந்துதான் மாமா கலை வரும். நீங்க மைக்கைப் பிடிங்க, போதும்."

கழியில் கட்டிய மைக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எதிரே நடிகர் இல்லாவிட்டால், எங்கே பார்ப்பது என்று தெரிவதற்காகச் சுவரில் ஒரு துண்டு டேப் ஒட்டுவார்களாம். சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரில் அவனும் ஒட்டினான்.

"அம்மா, அதுதான் அப்பா. அதையே பாத்துப் பேசு."

அக்கா பேசினாள். ஒழுகும் குழாயைப் பற்றி, மாடிவீட்டுக்காரியின் வாயைப் பற்றி. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு நிறுத்தினாள், காது கொடுத்தாள், தலையாட்டினாள். ஓரிடத்தில் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"மௌனத்தை எப்படி ஆளறாங்க பாருங்க!" என்று டைரக்டர் கிசுகிசுத்தான்.

எடிட் செய்ய உட்கார்ந்தபோதுதான் கவனித்தோம். டேப் ஒட்டிய இடத்தில்தான் இருந்தது. அக்காவின் கண் அங்கே இல்லை. கதவருகே தொடங்கி, மேசையை மெல்லச் சுற்றிவந்து, காலி நாற்காலியில் இறங்கி நின்றது. நடந்து வந்து உட்காரும் ஆளைத் தொடர்கிற பார்வை.

"நீ சொல்லிக் கொடுத்தியா?"

"இல்ல மாமா." அவன் விளக்கவுரை இல்லாமல் பேசி அன்றுதான் கேட்டேன்.

படத்துக்குப் பரிசு கிடைத்தது. என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று மேடையில் கேட்டார்கள். "நடிகரை நம்பணும்" என்றான். கைதட்டல்.

வீட்டில் வேறு பாடம் நடந்துகொண்டிருந்தது. டேப்பை எப்போதோ பிய்த்துப் போட்டாயிற்று. ஆனால் அக்கா தன் மகனை ஏறிட்டும் பார்ப்பதில்லை. கூப்பிட்டால் "ம்" என்பாள்; கண் நாற்காலியில் இருக்கும்.

"அம்மா என்னப் பாத்தே எவ்ளோ நாளாச்சு மாமா. ஒரு தடவ திட்டினாக்கூடப் போதும்" என்று அழுதான்.

நேற்று மதியம், பொறுக்க முடியாமல் போய் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்னப் பாரும்மா. படம் முடிஞ்சிருச்சு."

அக்கா பார்த்தாள். நேராக, ஆசை தீர, முகமெல்லாம் மலர.

"ஏங்க, எப்ப வந்தீங்க? சத்தமே கேக்கலையே."

அவன் என்னைப் பார்த்தான். அவளோ இமைக்காமல் காத்திருந்தாள். அவன் பதில் சொல்லாவிட்டால் அந்தப் பார்வை போய்விடும்.

"இப்பதான்" என்றான். குரலில் அத்தானின் அதே சோம்பல் இழுப்பு. படம் முழுக்க இப்படி ஒரு நடிப்பு இல்லை.

அக்கா தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நம்ம பையனத்தான் இன்னும் காணோம்."

"வந்துருவான்" என்றான் அவன்.