தேங்காய்ப்பூ

நான் லியாகத் அலி. மலேசியாவின் ஈப்போவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அந்த வாயால் வந்த வினைதான் இது.

என் கடையில் பத்து வருடமாகத் தேங்காய் துருவுகிறவர் இராமசாமி அண்ணன். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தை மூடியபோது வேலை போய் வந்து சேர்ந்தவர். போன வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து கூட்டம் அலைமோதிய நேரத்தில், மெஷின் அவர் ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட்டது. வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று மெஷினின் மூடியைக் கழற்றி வைத்ததே நான்தான். மஞ்சள் தூளை அள்ளி அப்பித் துணியைச் சுற்றினேன். "ஒண்ணும் ஆவாது அண்ணே, மீதித் தேங்காய முடிச்சிட்டுப் போங்க" என்றேன். வெட்கமில்லாமல் சொன்னேன்.

ஐந்தாம் நாள் கை வீங்கிப் புண் நாறியது. கிளினிக் போகும் வழியிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தேன்: "நேத்து மோட்டார் சைக்கிள்ல விழுந்துட்டேன்னு சொல்லுங்கலா." வேலையில் அடிபட்டால் கைகொடுக்கும் சொக்சோ காப்புறுதியில் அவர் பெயரை நான் பதியவே இல்லை. விஷயம் வெளியே வந்தால் மாட்டிக்கொள்வேன். அவர் தலையாட்டினார்.

புண்ணை அல்ட்ராசவுண்டால் கழுவ வேண்டும் என்றார்கள் கிளினிக்கில்; அது வயிற்றுப் பிள்ளையைப் பார்ப்பது என்றுதான் நினைத்திருந்தேன். நர்ஸ் கிருஷாந்தி பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். அதன் நுனி அதிர, உப்புத் தண்ணீர் சாரலாகப் புண்ணுக்குள் இறங்கியது. நல்ல சதையை விட்டுவிட்டு அழுக்கையும் அழுகலையும் கிளப்பிவிடுமாம். மஞ்சள் தண்ணீர் வழிந்தது. பிறகு தட்டில் ஏதோ துணுக்குத் துணுக்காக விழுந்தது.

நர்ஸ் இடுக்கியால் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "தேங்காய்ப்பூ மாதிரி இருக்கே. ரோட்டுல விழுந்தவருக்கு இது எப்படி வந்திச்சு?"

"விழுந்தப்போ பையில தேங்கா இருந்திச்சு மிஸ்ஸி" என்றார் இராமசாமி அண்ணன்.

நான் சொல்லிக்கொடுக்காத பொய் அது. எனக்காக அவரே கட்டியது. எனக்குக் காது மடல்வரை சுட்டது.

"எப்ப பட்டது, எதுல பட்டதுன்னு சரியாத் தெரியணும் அண்ணே. அதப் பாத்துதான் டாக்டர் மருந்து குடுப்பாரு. தப்பாச் சொன்னா விரலையே எடுக்க வேண்டி வரும்" என்றார் நர்ஸ்.

அண்ணன் தரையைப் பார்த்தார். விரல் போனாலும் போகட்டும், வேலை போகக்கூடாது என்று நினைக்கிறார். அப்படி நினைக்க வைத்தவன் நான். செத்துப்போகலாம் போல இருந்தது.

"என் கடையிலதான் மிஸ்ஸி" என்றேன். "தேங்கா மெஷின்ல. அஞ்சு நாளாச்சு. மூடியக் கழட்டினது நான். மஞ்சத்தூள் போட்டதும் நான்."

நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "அப்படியா அண்ணே?" என்று கேட்டார்.

"இல்ல மிஸ்ஸி. மொதலாளி நல்லவரு. பயத்துல என்னமோ சொல்றாரு" என்றார் இராமசாமி அண்ணன். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார்.