பிணவறைக்குள் போன பிரசவப் பிரிவு

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. எந்த டாக்டர் எப்போது வருவார், எந்த வார்டு எந்த மாடி என்று இரண்டாயிரம் பக்கங்கள். அவற்றைத் திருத்தும் மென்பொருளை எழுதியவன் அவளுடைய சொந்தத் தம்பி. வெளியே சொல்லிக்கொள்ள அவளுக்கே கூச்சம்.

திரையின் இடப்பக்கம் எல்லாப் பக்கங்களும் மரம்போல் கிளை கிளையாகத் தொங்கும். ஏழு கிளைகளைத் தட்டித் திறந்தால்தான் வேண்டிய பக்கம் கிடைக்கும். ஒரே ஓர் எழுத்தைத் திருத்திச் சேமித்தால் போதும், திறந்ததெல்லாம் மூடிக்கொண்டு மரம் உச்சியில் போய் நிற்கும். தொட்டாற்சுருங்கிகூட அவ்வளவு ரோஷப்படாது.

இரண்டு வருடமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"நான் திறந்து வச்சதை அப்படியே விட்டா உனக்கு என்னடா கேடு?"

"அது அப்படித்தான்க்கா. போகப்போகப் பழகிடும்."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிரசவப் பிரிவை நான்காம் மாடிக்கு மாற்றியாயிற்று, தளத்திலும் மாற்று என்று உத்தரவு வந்தது. அந்தக் கிளையை மவுஸால் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பாதி வழியில் மரம் தானாக ஒரு துள்ளு துள்ளியது. கை நழுவியது. எங்கே விழுந்தது என்று பார்க்காமல் டீ குடிக்கப் போய்விட்டாள்.

அரை மணி நேரத்தில் வரவேற்பு மேசைக்கு ஒரு மாமியாரிடமிருந்து போன்.

"மருமகளுக்கு வலி எடுத்திருச்சு. எங்க கூட்டிட்டு வரணும்னு பாத்தா, பிணவறைக்குள்ள பிரசவம்னு போட்டிருக்கீங்க. புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா?"

வரவேற்புப் பெண் வழி சொல்லிவிட்டு, செய்தியை மேலே அனுப்பினாள். பெரிய டாக்டர் அக்காவைக் கூப்பிட்டார்.

"பிறந்ததும் நேரா அங்கேயே வச்சுக்கலாம்னு திட்டமாம்மா? சாயங்காலத்துக்குள்ள விளக்கக் கடிதம் வரணும்."

அழுகையும் ஆத்திரமுமாகத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"இப்ப நீ வரல, அம்மாகிட்ட சொல்லிடுவேன்."

முப்பத்தாறு வயது ஆம்பளை. இருபது நிமிடத்தில் வந்து நின்றான். தன் நாற்காலியில் அவனை உட்கார வைத்தாள்.

"நீ கட்டின மரம்தானே? நீயே திருப்பி வை."

திறந்தான். மூடிக்கொண்டது. மறுபடி திறந்தான். கடைசியில் பிடித்து இழுத்து, மூச்சை அடக்கி விட்டான். இருவரும் குனிந்து பார்த்தார்கள். பிரசவப் பிரிவு கேன்டீனுக்குள், மதியச் சாப்பாட்டுப் பட்டியலுக்குக் கீழே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"பிணவறைக்கு இது தேவலைடா," என்றவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவன் காது சிவந்தது. "எவன்க்கா இதை எழுதினது?" என்று வாய்தவறிக் கேட்டும்விட்டான். அவள் அவன் பக்கம் விரலை நீட்டினாள்.

மூன்றாவது முறை சரியாக விழுந்தது. அதற்குள் அந்த மருமகள் நான்காம் மாடியில் பெண் குழந்தையே பெற்றுவிட்டாள்.

அவன் கிளம்பவில்லை. மத்தியானம் முழுக்க அக்காவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு, அவள் எத்தனை முறை தட்டுகிறாள் என்று கோடு போட்டுக்கொண்டே இருந்தான். தாளின் இரண்டு பக்கமும் நிறைந்தது. விளக்கக் கடிதத்தையும் அவனே எழுதினான்: "பிழை மென்பொருளுடையது. எழுதியவன் நான்." கையெழுத்தும் போட்டான். பெரிய டாக்டர் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார், ஆனால் அக்காவை விட்டுவிட்டார்.

ஒன்பது நாள் கழித்துப் புதிய மரம் வந்தது. திறந்தது திறந்தபடி நின்றது. மேலே தேடும் பெட்டியில் 'பிரச' என்று அடித்ததுமே நேராக அந்தக் கிளையில் கொண்டுபோய் நிறுத்தியது. எதை இழுத்தாலும் "இதை இங்கேயா வைக்கணும்?" என்று மரியாதையாகக் கேட்டது.

தம்பி வாசலில் சாய்ந்து நின்றான். "எப்படிக்கா இருக்கு?"

அக்கா நாலைந்து பக்கங்களைத் திறந்து, சேமித்து, மீண்டும் திறந்து பார்த்தாள். மனம் குளிர்ந்துவிட்டது. அதை அவனிடம் காட்டுவாளா?

"எழுத்து ரொம்பப் பொடியா இருக்குடா," என்றாள்.