நிறுத்தத்துக்கு மேல் வீடு

பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரை அவருடைய ஜன்னலுக்கு நேர்கீழே இருந்தது. அதனால் அங்கே நிற்பவர்களின் முகத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. குரல்கள் மட்டும் மேலே வரும். எப்போதாவது கூரை விளிம்பில் ஒரு குடை முனையோ, பொறுமையிழந்து சாலையில் இறங்கும் ஒரு செருப்புக் காலோ தெரியும்.

அவர் பல் செட் செய்பவர். மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாகப் பதிப்பார். முடிந்ததும் பஞ்சில் சுற்றி, அதே பேருந்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். அந்தப் பல் யார் வாயில் சிரிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மனைவி போன பிறகு அந்த வீட்டில் பேச்சு என்று இருந்ததெல்லாம் கீழேயிருந்து வந்ததுதான்.

காலையில் முதலில் ஒரு கணவன் மனைவி வருவார்கள்.

“குடை எடுத்தியா?”

“நீங்க எடுக்கலையா?”

“நீ எடுப்பேன்னு நினைச்சேன்.”

“நீங்க நினைக்கறதையெல்லாம் தூக்கிட்டு வர எனக்கு எத்தனை கை இருக்கு?”

மேலே மெழுகை உருக்கிக்கொண்டிருப்பவர் சிரித்துக்கொள்வார். பெரும்பாலும் அந்த அம்மாளின் பக்கம்தான் தீர்ப்புச் சொல்வார்.

அவர்களுக்குப் பின்னால் ஒரு பெண் வருவாள். அவள் பேசுவது கைபேசியில், தம்பியோடு மட்டும். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன் அவன். இதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது.

“சாப்டியா? பொய் சொல்லாத. டேய், அப்பா திட்டினார்தான், இல்லேங்கல. ஆனா நீ போனதுலேர்ந்து வாசல் விளக்கை அணைக்க விடமாட்டேங்கறார். கரண்ட் பில்லைப் பாத்து முனகறதும் அவர்தான், அணைச்சா கத்தறதும் அவர்தான்.”

பேருந்து எப்போதும் தாமதம். அதனால்தான் இவ்வளவும் அவர் காதில் விழுந்தது. இதை அவர் பின்னால்தான் யோசித்தார்.

பயணிகள் சங்கத்தில் அவர் சேர்ந்ததும் அந்தத் தாமதத்தினால்தான். ஒருமுறை பல் செட் நேரத்துக்குப் போய்ச் சேராமல், யாரோ ஒருவர் தன் மகள் கல்யாணத்தில் வாயைப் பொத்திக்கொண்டே வந்தவர்களை வரவேற்றாராம். கேட்டதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே சைக்கிள் கடைக்குப் போய்ச் சங்கத்தில் பெயர் கொடுத்தார். கடைக்காரப் பெண்தான் சங்கத்தின் செயலாளர். அவரை “பல் சார்” என்று கூப்பிடுவாள்.

“எனக்கென்ன சார், பஸ் நாசமாப் போனா சைக்கிள்தான் விக்கும்” என்பாள். “ஆனா எல்லாருமா மிதிக்க முடியும்? பஸ்ஸை விட்டவன் நேரா கார் வாங்கறான். அப்புறம் சைக்கிள்ல போறவனை இடிக்கறான்.”

அந்தத் தடத்தில் நிறுத்தங்கள் நெருக்கமாக இருந்தன. பேருந்து கிளம்பி மூச்சு விடுவதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும். ஆட்கள் குறைந்துகொண்டே போனால் தடத்தையே நிறுத்திவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. சில நிறுத்தங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சைக்கிள் பாதையைத் தொடர்ந்து போடச் சொல்லலாம் என்று சங்கம் முடிவெடுத்தது. எவற்றை எடுப்பது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தவள், கடைசியில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விரலை வைத்தாள்.

“இது முக்கு ஸ்டாப். இது உங்க வீட்டு ஸ்டாப். ரெண்டுல ஒண்ணு போயாகணும். நீங்க சொன்னா முக்கைத் தூக்கிடலாம் சார். ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.”

முக்கு நிறுத்தத்துக்கு எதிரில் எலும்பு மருத்துவமனை. சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை இருக்கிறது. இன்னொரு தடம் வந்து சேரும் இடமும் அதுதான். யோசிக்க ஒன்றுமே இல்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார். கடையில் தலைக்கு மேல் தொங்கிய சைக்கிள் சக்கரம் ஒன்று யாரோ இடித்ததில் மெல்லச் சுழன்று, நின்றது.

“என்ன சார், பல்லு கட்டிக்கிச்சா?” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

“எங்க ஸ்டாப்பை எடுத்துடுங்கம்மா.”

“உங்களுக்கு நடை ஆகுமே.”

“நடந்தா நல்லதுதானே.”

வேறென்ன சொல்ல முடியும்? தன் பேச்சைக் கேட்க ஆளில்லை என்று ஒருவன் குறைப்பட்டால் ஊருக்குப் புரியும். அடுத்தவர் பேச்சு காதில் விழாமல் போய்விடும் என்பதை மனுவில் எப்படி எழுதுவது?

நிர்வாகம் ஒத்துக்கொண்டு நாளும் குறித்துவிட்டது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கீழே தம்பியோடு பேசும் பெண்ணின் குரல் கேட்டது. “ஞாயித்துக்கிழமை வர்றியா? நெஜமாவா? சத்தியமெல்லாம் வேணாம்டா. வந்து வாசல்ல நில்லு, போதும்.”

சனிக்கிழமை வேலையாட்கள் வந்து கூரையைக் கழற்றி, சைக்கிள் பாதைக்குக் கோடு போட்டார்கள்.

திங்கட்கிழமை பேருந்து நிற்காமல் போயிற்று. எல்லோரும் ஆசைப்பட்டதுபோலவே நல்ல வேகம். கூரை இல்லாததால் இப்போது நடைபாதை முழுக்கத் தெரிந்தது. பார்க்கத்தான் யாரும் இல்லை. புதிய பாதையில் சைக்கிள்கள் போயின. இரண்டு பேர் பேசிக்கொண்டே போனால் ஒரு சொல் மேலே வரும். மற்றது வளைவைத் தாண்டிப் போய்விடும். கைவேலை ஓடவில்லை. முன்பல் இருக்கவேண்டிய இடத்தில் கோரைப்பல்லை வைத்துவிட்டு, யாருடைய வாயோ இது என்று வெட்கப்பட்டுப் பிடுங்கினார்.

தம்பி வந்தானா?

அந்த வாரம் முழுவதும் அதே கேள்வி. ஒரு காலையில், கொடுக்க எந்தப் பல் செட்டும் இல்லாமல், சட்டையை மாட்டிக்கொண்டு முக்கு நிறுத்தத்துக்கு நடந்தார்.

கணவனை உடனே தெரிந்துவிட்டது. இரண்டு கையிலும் குடை வைத்திருந்தார்.

“ரெண்டு எதுக்கு? வானம் வெளுத்துக் கெடக்கு” என்றாள் மனைவி. “எந்தப் புண்ணியவான் அந்த ஸ்டாப்பை எடுத்தானோ, இம்மாந் தூரம் நடந்து என் முட்டி தேயுது.”

“பஸ் சீக்கிரம் வருதில்ல?”

“வந்து? உங்களோட நிம்மதியா நாலு வார்த்தை சண்டை போட முடியுதா?”

அவர் குனிந்துகொண்டார். சிரிப்பை அவர்கள் பார்த்துவிடக்கூடாது.

மிச்சமிருந்தது கம்பத்தின் ஓரமாக நின்ற ஒரு பெண் மட்டும். அவர் நினைத்திருந்ததைவிட வயதானவள், காதோரம் நரைத்திருந்தது. அவளாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் கைபேசியை எடுக்கவே இல்லை. வந்துவிட்டதால் எடுக்கவில்லையா? வராததால் மனம் விட்டுப்போயிற்றா? முகத்தைப் பார்த்து அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முகம் பார்த்துப் பழக்கமில்லை.

பேருந்து தூரத்தில் திரும்பியது. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

“தம்பி வந்துட்டாராம்மா?”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “யாரு?”

“உங்க தம்பி. ஞாயித்துக்கிழமை…”

அந்தக் குரல்தான். ஆனால் இவ்வளவு கூர்மையாக அதை அவர் கேட்டதில்லை. “நீங்க யாரு? அவனை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதும்மா. நான் அங்க, பழைய ஸ்டாப் மாடியில…” பாதியில் நிறுத்திக்கொண்டார். சொன்னால் இன்னும் கேவலமாகத்தான் இருக்கும்.

“என்ன சார் விஷயம்?” என்று குடைக்காரர் ஓரடி முன்னால் வந்தார்.

“விடுங்க, பெரியவர் யாரையோ நினைச்சுக் கேக்கறார்” என்றாள் மனைவி.

பேருந்து வந்து நின்றது. அந்தப் பெண் அவரைத் திரும்பிப் பார்த்தபடியே ஏறினாள். படியிலேயே கைபேசி காதுக்குப் போயிற்று.

“அப்பா? அவன் எழுந்துட்டானா? இன்னும் தூங்கறானா? எழுப்புங்க. இங்க ஒரு ஆள் அவனைப் பத்தி விசாரிக்கறார்…”

“சார், ஏறுறீங்களா இல்லையா?” என்றார் கண்டக்டர். “இப்பல்லாம் நின்னு பேச நேரமில்ல.”

“போகலாம், போகலாம்” என்றார் அவர்.

கதவு மூடியது. பேருந்து அவருடைய ஜன்னலைத் தாண்டி நிற்காமல் போவதைப் பார்த்துக்கொண்டே நடந்தார். தூங்குகிறான். தன் வீட்டில், தன் படுக்கையில். இன்று வாசல் விளக்கை யாரோ அணைத்திருப்பார்கள்.

வீட்டுப் படியேறும்போது கைபேசி அடித்தது. செயலாளர்.

“பல் சார், காலையில முக்குல நின்னீங்களாமே, நம்ம பையன் ஒருத்தன் சைக்கிள்ல போறப்போ பாத்தானாம். நிலவரம் எப்படி?”

“பஸ் நேரத்துக்கு வந்துதும்மா.”

“சூப்பர்! ஏதாவது புகார்?”

“ஒருத்தங்களுக்கு முட்டி வலிக்குதாம்.”

“சைக்கிள் மிதிக்கச் சொல்லுங்க, சரியாயிடும். வேற?”

அவர் ஜன்னலருகே போய் நின்றார். கீழே, கூரையின் கால்கள் இருந்த இடங்களில் புதுச் சிமெண்ட் இன்னும் நிறம் மாறாமல் இருந்தது. மறுமுனையில் அவள் காத்திருந்தாள். அவள் கடையில் யாரோ மணியை அடித்துப் பார்ப்பது கேட்டது.

“சார்? இருக்கீங்களா?”

“இருக்கேம்மா” என்றார். “வேற ஒண்ணும் இல்ல.”