தங்கச்சி கேட்டதே இல்லை

கடைத்தெரு முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. மாநகராட்சி புது விதி கொண்டுவரப் போகிறதாம். ஆள் வைத்து நடத்தும் கடை எதுவானாலும், வேலை செய்கிறவர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும், கழிப்பறை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்களாம்.

கேட்டதும் செருப்புக் கடைக்காரர் தன் கடையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். கையை விரித்தால் இரண்டு சுவரிலும் இடிக்கிற கடை அவருடையது. தரையிலிருந்து கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள்.

"கக்கூஸை எங்க கட்டச் சொல்றானுங்க? என் தலை மேலயா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கத்தினார்.

கடையில் அவருக்கு ஒரே ஆள், கூடப்பிறந்த தங்கை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு பெண் பிள்ளைகளோடு திகைத்து நின்றவளை, "என் கடை இருக்கும்போது நீ ஏன் அடுத்தவன் கடை வாசல்ல நிக்கணும்?" என்று கூட்டிவந்தவர் அவர்தான். அதைச் சொல்லிக் காட்டாத நாள் குறைவு. அவளும் ஏணியில் ஏறி இறங்கி, மண்டியிட்டு, எழுந்து, எத்தனை ஜோடியை எடுத்துப் போடச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் காட்டுவாள். வாடிக்கையாளருக்கு ஒரு பெஞ்சு இருந்தது. அதில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. ஆள் உட்கார்ந்திருக்கிற கடை ஓடாத கடை என்பது அவருடைய அப்பா விட்டுப்போன பாடம்.

அந்த வாரம் வியாபாரிகள் சங்கத் தலைவர் அவரைத் தேடிக்கொண்டு வந்தார். தெருக்கோடியில் நான்கு மாடி ஜவுளிக்கடையின் முதலாளி. அதுவரை இந்தக் கடைப் படியை மிதிக்காத மனிதர்.

"மாநகராட்சிக் கூட்டத்துல நாங்க பேசினா பணத்திமிருன்னு சொல்லுவானுங்க. நீங்க பேசணும். சின்ன வியாபாரி வயித்துல அடிக்காதீங்கன்னு நீங்க சொன்னா ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்" என்று தோளில் கை போட்டார். செருப்புக் கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் மனைவி மட்டும், "தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

"அவகிட்ட கேக்க என்ன இருக்கு? அவ என் தங்கச்சி."

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. முதலாளிகள் முன்வரிசையில் இருந்தார்கள். வேலைக்காரர்கள் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். மைக்கைப் பிடித்ததும் அவர் வணக்கத்தையே இரண்டு முறை சொன்னார். தலைவர் கைதட்டினார், பிறகு பேச்சு மடை திறந்தது.

"எங்க கடையில முதலாளி, தொழிலாளின்னு கிடையாதுங்க. குடும்பமா இருக்கோம். என் சொந்தத் தங்கச்சி என் கடையில வேலை பார்க்குது. இத்தனை வருஷத்துல அது நாற்காலி கேட்டதில்ல, பாத்ரூம் கேட்டதில்ல. கேக்காத பிரச்சனைக்கு எதுக்குங்க சட்டம்?"

முன்வரிசை ஆரவாரம் செய்தது. மேடையிலிருந்த பெண் கவுன்சிலர் கேட்டார், "அந்தத் தங்கச்சி வந்திருக்காங்களா?"

"இல்லீங்க, கடையில..." என்று அவர் இழுக்கும்போதே பின்னாலிருந்து குரல் வந்தது.

"வந்திருக்கேன்."

ஜவுளிக்கடைப் பெண்களோடு சுவரோரம் நின்றிருந்தாள். கடையைப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அண்ணன் சொன்னது நிஜம்தாங்க. நான் கேட்டதே இல்ல. காலையில கடைக்கு வந்தா ராத்திரி வீட்டுக்குப் போற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டேன். குடிச்சாத்தானே கேக்கணும். அவங்க ஆம்பளை, பின்சந்துக்குப் போயிட்டு வந்துடுவாங்க. நான் எங்க போறது?"

எங்கோ ஒருவன் சிரித்தான்.

அன்றிரவு தங்கையின் வீட்டுக்கே போய் அவர் வெடித்தார். "ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே!"

"நான் பாட்டுக்கு ஓரமா நின்னுட்டிருந்தேன். என்னை இழுத்து மேடையில விட்டது நீதான் அண்ணா" என்றாள். அதோடு சரி. மறுநாள் அவள் கடைக்கு வரவில்லை. கோபம் தணிந்தால் வருவாள் என்று அவர் விட்டுவிட்டார்.

விதியும் வந்தது, பல்லைப் பிடுங்கின பாம்பாக. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் கடைகளுக்கு மட்டும்தானாம். சங்கத்தில் இனிப்பு கொடுத்தார்கள். தலைவர் ஒரு துண்டை அவர் வாயில் ஊட்டிவிட்டு, "உங்க பேச்சுதான் ஐயா காப்பாத்துச்சு" என்றார்.

ஒரு மாதம் கழித்துத் தெருக்கோடிப் பக்கம் போனபோதுதான் பார்த்தார். ஜவுளிக்கடையில் மாடிக்கு ஒரு பெயர்ப்பலகை தொங்கியது. ஒன்று தலைவரின் மனைவி பெயரில், ஒன்று மருமகன் பெயரில். ஆட்களையும் கணக்கில் மாடிவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பத்துக்குள் நிறுத்தியிருந்தார்கள்.

"சட்டத்துல இடமிருக்கு, நாம பூந்துட்டோம். நீங்க ஏன் முகத்தைத் தொங்கப் போடுறீங்க?" என்றார் தலைவர். இந்த முறை தோளில் கை விழவில்லை.

அன்றிரவு மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "தங்கச்சியை ஆஸ்பத்திரியில சேர்த்து நேத்துதான் அனுப்பினாங்க. சிறுநீரகத்துல சீழ். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொல்லிட்டா."

அவர் பாதிச் சாப்பாட்டிலேயே கையைக் கழுவினார். மறுநாள் காலையில் பழங்களை வாங்கிக்கொண்டு போனார். தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. மூத்த பெண் மாமாவைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"பக்கத்துத் தையல் கடைக்காரர்கிட்ட பேசிட்டேன்" என்றார். "அவர் வீட்டுப் பாத்ரூமை நீ எப்ப வேணா உபயோகிச்சுக்கலாம். நாற்காலியும் வாங்கிப் போட்டுட்டேன். உடம்பு தேறினதும் வந்துடு."

"ஜவுளிக்கடையில சேரப்போறேன். ரெண்டாவது மாடி. அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்க."

"அந்த ஆளுகிட்டயா? அங்கயும் நாளெல்லாம் நின்னுட்டுத்தானே இருக்கணும்!"

"ஆமா. நிக்கிறதுன்னு ஆயிடுச்சு, எங்க நின்னா என்ன? அங்க நிக்கும்போது யாரையும் அண்ணான்னு கூப்பிட வேண்டியதில்ல."

பழப்பையைக் கீழே வைப்பதா, எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியாமல் சற்று நேரம் நின்றார். பிறகு வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார்.

இப்போது கடையில் அவர் ஒருவர்தான். ஏணியிலும் அவரே ஏறுகிறார். பழைய வாடிக்கையாளர்கள் வந்தால், "உங்க தங்கச்சி எங்க?" என்று கேட்கிறார்கள். "உடம்பு முடியல, வீட்ல இருக்கா" என்கிறார். ஜவுளிக்கடை அதே தெருவில்தான் இருக்கிறது. கேட்கிறவர்களில் பாதிப் பேர் அங்கே அவளிடம் துணி வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள்.