தலைமையாசிரியரிடம் கேட்கத் தயங்கிய கேள்வி

சேலையூரில் முதியோர் மனநல முகாம். மேடையில் ஏழு நாற்காலி, ஏழு சால்வை, ஏழு பேச்சு. “முதுமை ஒரு வரம்” என்று முழங்கிய பிரமுகருக்கு வயது நாற்பத்திரண்டு. இருந்த இரண்டு மின்விசிறியும் மேடையைப் பார்த்தே சுழன்றன. வரம் பெற்றவர்கள் கீழே வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தயாளன் மூன்றாவது வரிசையில் இருந்தார். மனைவி போய் எட்டு மாதம். செத்துவிடலாம் என்ற நினைப்பு தினமும் காபிக்கு முன்னே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வீட்டில் சொன்னால் மருமகள் ஜெனி, “மாமாவா? அவர் ஜெபவீரராச்சே!” என்பாள். சபையில் சொன்னால் விசுவாசக் குறைவு. முகாமில் நர்ஸே கடைசிக் கேள்வியாக இதைக் கேட்பார் என்று பேப்பரில் போட்டிருந்தது. கேட்டால் சொல்லிவிடுவது என்று வந்திருந்தார்.

“பெரியவர் ஒருத்தர் ரெண்டு வார்த்தை பேசுவார்” என்று அவரிடமே மைக்கை நீட்டினார்கள். நாற்பது வருடம் சபையில் சாட்சி சொன்ன வாய், தானாகத் திறந்தது. “கர்த்தருடைய கிருபையால ரொம்ப நல்லா இருக்கேன்.”

கைதட்டல். போட்டோ.

படிவ மேசையில் நர்ஸ் தபீதாள், அவருடைய பழைய மாணவி.

“சூப்பரா பேசினீங்க சார்! உங்க ஃபார்ம நானே ஃபில் பண்ணிட்டேன், நீங்க கிளம்பலாம்.”

“கடைசிக் கேள்விக்கும்?”

“‘வாழவே பிடிக்கலைன்னு தோணுதா’ன்னு உங்களப் போயி எப்பிடி சார் கேக்கறது? ‘இல்லை’ன்னு டிக் போட்டுட்டேன்.”

தயாளன் படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“தபீதா, எழுந்து நின்னு படிம்மா.”

எழுந்தாள். படித்தாள். பாதியில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள்; மீதி வரவில்லை.

“ஆமாம்மா,” என்றார். “தினமும்.”

‘ஆமாம்’ என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வதென்று பயிற்சியில் சொல்லவிருந்தார்கள். அதற்குள் அங்கே பிரியாணி வந்து, பயிற்சி முடிந்துவிட்டது. தபீதாள் மேசையைச் சுற்றி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மனநல டாக்டருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை, “இப்பவே கூட்டிட்டு வாங்க” என்று பதில் வந்தது.

“நானும் வரேன் சார். உங்களத் தனியா விடமாட்டேன்.”

மேடையில் நன்றியுரை நடந்தது. வந்திருந்த பெரியவர்களில் ஒருவருக்கும் குறையில்லை என்று மகிழ்ச்சியோடு அறிவித்தார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே, எட்டு மாதத்தில் முதல் முறையாக, தயாளன் வாய்விட்டு அழுதார்.